பிராகைட்: பல்லேடியம் பொதிந்த அரிய கனிமமும் அதன் பாறைப் பின்னணியும்

பெட்ரோல் வாகனங்களின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகளில் பல்லேடியம் முக்கியப் பங்கு வகிக்கிறது. இந்த உலோகத்தைக் கொண்டுள்ள அரிய சல்பைடு கனிமங்களுள் ஒன்று பிராகைட்.

பெயர்க் காரணம்

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதியில் கிடைத்த இக்கனிமம், 1932-ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் கண்டறியப்பட்ட முதல் புதிய கனிமம் என்ற சிறப்பு இதற்கு உண்டு. எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்ததற்காக 1915-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஹென்றி பிராக், அவருடைய மகன் வில்லியம் லாரன்ஸ் பிராக் ஆகியோரின் நினைவாகவே இப்பெயர் சூட்டப்பட்டது.

உட்கூறுகள்

பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல் ஆகிய மூன்று உலோகங்களும் கந்தகத்துடன் இணைந்து உருவானது பிராகைட். இதில் பிளாட்டினத்தைவிடப் பல்லேடியம் மேலோங்கினால், அது வைசோட்ஸ்கைட் என்ற தனிக் கனிமமாகக் கருதப்படுகிறது. பிராகைட் பெரும்பாலும் நுண்ணோக்கியில் மட்டுமே தெளிவாகத் தெரியும் சிறு துகள்களாகக் காணப்படும்.

உருவாவது எப்படி?

பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் பாறைக்குழம்பு, நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து அடுக்கடுக்காக உறைகிறது. அதில் கந்தகம் கரையும் அளவைக் கடக்கும்போது, நீரிலிருந்து எண்ணெய் பிரிவதுபோல் சல்பைடு துளிகள் பிரிகின்றன. சுற்றியுள்ள குழம்பில் மிகச் சிறிதளவே உள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் இத்துளிகளில் சென்று சேர்கின்றன. துளிகள் குளிரும்போது நிக்கல், செம்பு, இரும்புச் சல்பைடுகளுடன் பிராகைட்டும் உருவாகிறது.

சுமார் 205 கோடி ஆண்டுகள் பழைமையான புஷ்வெல்ட் பாறைத் தொகுதியில், 1924-இல் கண்டறியப்பட்ட மெரென்ஸ்கி படுகை இத்தகைய ஒரு மெல்லிய அடுக்காகும். அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில் உள்ள ஸ்டில்வாட்டர் தொகுதியிலும் பிராகைட் கிடைக்கிறது. இத்தகைய அடுக்குகளில் ஒரு டன் பாறையை வெட்டி எடுத்தாலும், பிளாட்டினம் குழு உலோகங்கள் சில கிராம் அளவிலேயே தேறும்.

இந்தியாவின் நிலை

உலகின் பல்லேடியம் உற்பத்தியில் பெரும்பகுதி ரஷியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இரு நாடுகளிடமே உள்ளது. இந்தியா தனது தேவைக்கு இறக்குமதியையே பெரிதும் சார்ந்துள்ளது. மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பிளாட்டினம் குழுத் தனிமங்களும் இடம்பெற்றன.

ஒடிசாவின் பௌலா-நுவாசாஹி, கர்நாடகத்தின் ஹனுமலாபுரா, தமிழகத்தில் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி ஆகிய இடங்களின் பழம்பாறைத் தொகுதிகளில் இத்தனிமங்கள் இருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.