கைகள் பேசிய விருந்து

ஒலி ஒன்றையே நம்பி வாழ்வது வானொலி. அதன் வாயிலாகக் காது கேளாதோர் வரலாற்றைச் சொல்லப் புகுவது சற்று விந்தையே. எனினும், கேட்கத் தக்க வரலாறு அது.

1834-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் ஒரு விருந்து நடைபெற்றது. கூடியவர்களுள் ஆசிரியரும் ஓவியரும் செதுக்குக் கலைஞரும் அச்சுத் தொழிலாளரும் இருந்தனர். ஏறத்தாழ அனைவரும் காது கேளாதவர்கள். வாழ்த்துரைகள் யாவும் சைகை மொழியிலேயே நிகழ்ந்தன. செவி கேட்கும் விருந்தினர் சிலரும் வந்திருந்தனர். சைகை அறியாதவர்க்கு அன்று பிறர் எடுத்துச் சொல்லித்தான் பொருள் விளங்கிற்று. ஊனம் எவர் பக்கம் என்ற வினா அம்மண்டபத்தில் தலைகீழாயிற்று!

விருந்தை முன்னின்று நடத்தியவர் பெர்டினாண்ட் பெர்த்தியே. 1803-இல் பிறந்த இவரும் காது கேளாதவரே. பாரிஸ் பள்ளியில் மாணவராயிருந்து அங்கேயே பேராசிரியரானவர். 1838-இல் காது கேளாதோர்க்கென ஒரு சங்கமும் கண்டார். தெ லெப்பே பாதிரியாரின் பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் விருந்து தொடர்ந்தது. பிற மாநிலங்களில் பொங்கலன்று ஒன்றுகூடும் நமக்கு இத்தகைய கூட்டத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் அங்கே இடமில்லை.

தெ லெப்பே 1712-இல் பிறந்தவர். காது கேளாத சகோதரியர் இருவருக்குக் கல்வி புகட்டத் தொடங்கி, பின்னர்த் தம் செலவிலேயே பள்ளி நடத்தினார். அவர் மறைந்தபின் 1791-இல் பிரெஞ்சு தேசிய சபை அதனை அரசுடைமையாக்கியது. சைகை மொழியைப் படைத்தவரே அவர்தாம் என்று பலர் எழுதியுள்ளனர். அது சரியன்று. 1779-இல் பியேர் தெலோஜ் என்னும் புத்தகம் கட்டும் தொழிலாளி ஒரு நூல் வெளியிட்டார். பெரியம்மையால் ஏழு வயதளவில் செவிப்புலன் இழந்தவர் அவர். இருபத்தேழாம் வயதில், எழுத்தறியாத, காது கேளாத இத்தாலியப் பணியாளர் ஒருவரிடம் சைகை கற்றார். பள்ளியின் வாயிலையே மிதியாத ஏழைத் தொழிலாளரும் பாரிஸில் அம்மொழியில் உலக விவகாரங்கள் அனைத்தையும் உரையாடினர் என்பதே அவர் சான்று.

பாதிரியாரோ அச்சைகைகளை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணத்தின் பாலுக்கும் காலத்திற்கும் தனிச் சைகைகளை ஒட்டவைத்தார். ஒரு மொழியை மற்றொரு மொழியின் சட்டைக்குள் திணிப்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு மிகப் பழகிய பிழை! நாளடைவில் அவ்வொட்டுகள் உதிர்ந்தன. மக்களின் சைகை நின்றது.

பேரிடி 1880-இல் விழுந்தது. மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. வாக்களித்தவர் 160-க்கு மேற்பட்டோர்; அவருள் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே. எவருடைய மொழியைப் பற்றி முடிவு செய்தார்களோ, அவர்களைக் கேட்கவேயில்லை. பிரான்சில் வகுப்பறைகளிலிருந்து சைகை விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். ஒலியைக் கேட்டறியாத சிறுவர், நாவை எங்கு வைப்பது என்று ஓர் எழுத்துக்காக நாள் முழுதும் பயின்றனர். கணக்கும் வரலாறும் காத்திருந்தன.

ஆயினும் விளையாடுமிடத்தையும் படுக்கையறையையும் தீர்மானங்களால் முற்றிலும் காவல் செய்ய இயலவில்லை. விருந்துகளும் நிற்கவில்லை. தெ லெப்பே மறைந்த நூற்றாண்டான 1889-இல் காது கேளாதோர் பாரிஸில் தாங்களே ஓர் உலக மாநாடு கூட்டினர். மிலானில் கேளாத கருத்தை அங்கே கைகளால் உரைத்தனர்.

பிரெஞ்சுச் சைகை மொழியைத் தனக்குரிய முழுமை வாய்ந்த மொழியென அந்நாட்டுச் சட்டம் ஏற்றது 2005-இல். மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு மரபு. இடையே கழிந்தவை 130 ஆண்டுகள்.