செவன்சில் அடிக்கும் கோல் கணக்கில் வருமா? எல்லையோர கால்பந்து ஒரு பார்வை

நாடுகாணி,

நீலகிரி மாவட்டம் நாடுகாணியில் இருந்து மலைப்பாதையில் இறங்கினால் கேரளாவின் வழிக்கடவு. அதை தாண்டி நிலம்பூர், மஞ்சேரி என மலப்புரம் மாவட்டம் முழுக்க கால்பந்து பைத்தியம்தான். அறுவடை முடிந்த வயலில் கூட 'செவன்ஸ்' நடக்கும். அணிக்கு 7 பேர். ஆப்பிரிக்க வீரர்களையும் காசு கொடுத்து இறக்குகிறார்கள்.

ஆனால் செவன்சில் எத்தனை கோல் போட்டாலும் கணக்கில் ஏறாது. அதற்கு தனி சங்கம் இருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம்தான் கிடையாது.

அங்கீகாரம் உள்ள வரிசை வேறு. உள்ளூர் கிளப், மாவட்ட சங்கம், தமிழ்நாடு கால்பந்து சங்கம், அதற்கு மேல் 1937-ல் தொடங்கிய சம்மேளனம், உச்சியில் 'பிபா'. மேலே தப்பு நடந்தால் கீழே அடி விழும். 2022 ஆகஸ்டு மாதம் வெளியார் தலையீடு இருப்பதாக கூறி இந்தியாவை 'பிபா' சஸ்பெண்டு செய்தது. ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள் அணி பாவம், ஆடாமலேயே திரும்பியது. தடை சுமார் 10 நாளில் நீங்கியது.

சந்தோஷ் டிராபிக்கு தமிழக அணியை தேர்வு செய்வது மாநில சங்கம். எனவே நாடுகாணி பையன் அந்த சட்டையை போட வேண்டுமானால் கிளப் மூலம் பதிவு செய்து 11 பேர் ஆட்டத்தில் தெரிய வேண்டும். மாவட்ட தலைநகரான ஊட்டி, கூடலூரில் இருந்தே சுமார் 50 கி.மீ. போய் வந்தால் ஒரு நாள் எஸ்டேட் கூலி போச்சு. செவன்சில் ஆடினால் கையில் காசு.

சந்தோஷ் டிராபியை கேரளா 7 முறை வென்றுள்ளது. 7-வது கோப்பையை 2022 மே மாதம் மஞ்சேரி பையநாடு மைதானத்தில், மேற்கு வங்காளத்தை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி தூக்கியது. தமிழகம் இதுவரை ஒரு முறை கூட வென்றதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.