துவக்கு மின்னோடியைக் கழற்றுதலும் பொருத்துதலும்

துவக்கு மின்னோடி என்பது தானுந்துகளின் உள் எரி பொறியை முதலில் சுழற்றி இயங்கச் செய்யும் மின்னோடி ஆகும். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இது செல்ப் மோட்டார் அல்லது சுருக்கமாகச் செல்ப் என அழைக்கப்படுகிறது. சில தானுந்துகளில் இது பொறியின் அடியிலோ, பிற பாகங்களின் பின்னாலோ மறைந்திருப்பதால் இதனைக் கழற்றுவது கடினமான பணியாகும். இப்பணியில் பெரும்பகுதி நேரம் மின்னோடியைச் சென்றடைவதிலேயே செலவாகிறது. ஆகவே பழுது மின்னோடியில்தான் உள்ளது என உறுதி செய்த பின்னரே கழற்றத் தொடங்க வேண்டும்.

வரலாறு

தொடக்க காலத் தானுந்துகள் கைப்பிடியால் சுழற்றித் துவக்கப்பட்டன. பொறி பின்னோக்கி உதைக்கும்போது கைப்பிடி திரும்பி எலும்பு முறிவை ஏற்படுத்துவதுண்டு. சார்லஸ் கெட்டரிங் 1911 இல் உருவாக்கிய மின் துவக்க முறை 1912 ஆம் ஆண்டின் கெடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961 இல் நிறுவப்பட்டது. சென்னை பாடியில் உள்ள இந்நிறுவனம் துவக்கு மின்னோடிகளையும் மின்னாக்கிகளையும் தயாரிக்கிறது.

அமைப்பும் செயற்பாடும்

துவக்கு மின்னோடி ஒரு நேர் மின்னோட்ட மின்னோடி ஆகும். அதன் மேல் சோலினாய்டு எனப்படும் வரிச்சுருள் அமைந்துள்ளது. சாவியைத் திருப்பும்போது சோலினாய்டு இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, பினியன் எனப்படும் சிறு பற்சக்கரத்தை முன்தள்ளி, ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள பல்வளையத்துடன் பொருந்தச் செய்கிறது. இரண்டாவதாக, மின்கலத்திலிருந்து வரும் பெரும் மின்னோட்டத்தை மின்னோடிக்கு இணைக்கிறது. சிறு தானுந்துகளிலும் இம்மின்னோட்டம் நூறு ஆம்பியருக்கு மேல் செல்லக்கூடும். பல வண்டிகளில் மின்கலத்தின் தடித்த கம்பி இணையும் முனை 30 எனவும், சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பி இணையும் முனை 50 எனவும் குறிக்கப்படுகின்றன. எதிர் இணைப்பு பெரும்பாலும் மின்னோடியின் உடல் வழியாகவே கிடைக்கிறது.

அணுகக் கடினமான அமைவிடங்கள்

குறுக்காகப் பொறி அமைந்த முன்சக்கர இயக்கத் தானுந்துகளில், பொறிக்கும் ஓட்டுநர் அறைச் சுவருக்கும் இடையே மின்னோடி சிக்கியிருப்பதுண்டு. 1993 மாதிரி ஆண்டில் அறிமுகமான கெடிலாக் நார்த்ஸ்டார் வி8 பொறியிலும், 1989 இல் அறிமுகமான லெக்சஸ் எல்எஸ் 400 தானுந்தின் பொறியிலும் மின்னோடி வி வடிவப் பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டு எனப்படும் காற்று உள்ளிழுப்புக் குழலமைப்பின் அடியில் உள்ளது. இவற்றில் அக்குழலமைப்பு முழுவதையும் அகற்றிய பின்னரே மின்னோடியை எடுக்க இயலும்.

கழற்றும் முன் சோதனை

சாவியைத் திருப்பும்போது ஒற்றை ஒலி மட்டும் கேட்பது மின்னோடிப் பழுதைத் தானாகவே காட்டுவதன்று. வலுவிழந்த மின்கலமும், பூஞ்சணம் பிடித்த முனைகளும், தளர்ந்த எர்த் கம்பியும் இதே அறிகுறியைத் தரும்.

* முழுதும் மின்னேற்றப்பட்ட மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். துவக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் முதலில் மின்கலத்தைச் சோதிக்க வேண்டும்.
* துவக்கும்போது மின்கல நேர்முனைக்கும் மின்னோடியின் 30 ஆம் முனைக்கும் இடையே ஏறத்தாழ 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருப்பின் கம்பியிலோ இணைப்பிலோ பழுது உள்ளது.
* மின்கல எதிர்முனைக்கும் பொறியின் உடலுக்கும் இடையே இழப்பு மிகுதியாக இருப்பின் எர்த் இணைப்பைச் சீர்செய்ய வேண்டும்.
* 50 ஆம் முனைக்கு மின்னழுத்தம் வராவிடில் சாவி இணைப்பு, ரிலே, உருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மின்னோடியை மெல்லத் தட்டியதும் அது இயங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். நிலைக்காந்தம் கொண்ட மின்னோடிகளை ஓங்கித் தட்டினால் காந்தம் உடைந்துவிடும்.

கழற்றும் முறை

1. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். 30 ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், ஸ்பேனர் அதையும் பொறியையும் ஒருசேரத் தொட்டால் பெரும் தீப்பொறி எழும்.
2. பொறி ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.
3. அடியிலிருந்து கழற்றுவதாயின் சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டுகளின் மேல் தாங்கச் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது.
4. மறைக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக அகற்றி, போல்ட்டுகளை இடம் குறித்து வைக்க வேண்டும். அவற்றின் நீளம் வேறுபடக்கூடும். எரிபொருள் குழாயைக் கழற்ற நேர்ந்தால் முதலில் அதன் அழுத்தத்தை நீக்க வேண்டும்.
5. உள்ளிழுப்புக் குழலமைப்பை எடுத்தவுடன் பொறியின் காற்று வாய்களைத் தூய துணியால் அடைக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் பரளச்சி போன்ற, அருப்புக்கோட்டை, திருச்சுழி சார்ந்த வறண்ட நிலப்பகுதிகளில் திறந்த வெளியில் வேலை செய்யும்போது இது மிகவும் இன்றியமையாதது. உள்ளே செல்லும் புழுதி உருளைச் சுவரைத் தேய்க்கும். உள்ளே விழும் ஒரு நட்டு பொறியையே சிதைக்கக்கூடும்.
6. மின்கம்பிகளைக் கழற்றிய பின், நீண்ட எக்ஸ்டென்ஷனும் வளையும் இணைப்பும் கொண்ட சாக்கெட்டால் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மின்னோடியைக் கையால் தாங்க வேண்டும். அதனைக் கம்பியில் தொங்கவிடக் கூடாது.

பொருத்தும் முறை

பல்வளையத்தின் பற்களை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். நான்கு உருளைப் பொறி பெரும்பாலும் எதிரெதிரான இரு நிலைகளிலேயே நிற்பதால் அவ்விடங்களில் தேய்வு மிகும். பற்கள் உடைந்திருந்தால் புதிய பினியனும் விரைவில் கெடும்.

புதிய அல்லது பழுது நீக்கிய மின்னோடியைப் பொருத்தும் முன் வைசில் இறுகப் பிடித்து, சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பினியன் முன்வந்து சுழல வேண்டும். மறைவான இடத்தில் பொருத்திய பின் பழுது தெரியவந்தால் முழு வேலையையும் மீண்டும் செய்ய நேரும்.

பொருத்தும் முகத்திலுள்ள துருவையும் வண்ணப்பூச்சையும் நீக்க வேண்டும். இல்லையேல் எர்த் சரியாகக் கிடைக்காது. இடைத்தகடுகள் இருந்திருப்பின் அவற்றை அதே இடத்தில் வைக்க வேண்டும். போல்ட்டுகளை முதலில் கையால் திருகிப் பின்னர் வண்டியின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். அகற்றப்பட்ட குழலமைப்பின் கேஸ்கெட்டுகளைப் புதிதாக மாற்றுவது நல்லது. காற்று வாய்களை அடைத்த துணிகளை எண்ணி எடுத்த பின்னரே குழலமைப்பை மூட வேண்டும். மின்கல எதிர்முனை கடைசியாக இணைக்கப்படுகிறது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

தொடர்ந்து 10 நொடிகளுக்கு மேல் துவக்க முயலாமல், இடையே அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். இல்லையேல் மின்னோடி சூடேறிக் கெடும். கைமுறைப் பற்சக்கரப் பெட்டி கொண்ட தானுந்தை, மின்னோடி பழுதானாலும் தள்ளி இரண்டாம் கியரில் துவக்க இயலும். தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி கொண்டவற்றைப் பொதுவாக அவ்வாறு துவக்க இயலாது. ஆகவே பணிமனை தொலைவிலுள்ள ஊர்களில் அத்தகைய வண்டி வைத்திருப்போர், துவக்கம் மந்தமாகும்போதே சோதித்துக்கொள்வது நல்லது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* மின்கலம்
* மின்னோடி