நிலவை விற்றவரும் விலங்கை ஒடித்தவரும்

எழுதுகோல் பிடித்த இளைஞன் ஒவ்வொருவனும் இன்று ஒரு கேள்வியைச் சுமந்து திரிகிறான்: "எத்தனை பேர் படித்தார்கள்?" நேற்று நூறு, இன்று நூற்றைம்பது என்றால் முகம் மலர்கிறது, தொண்ணூறு என்றால் வாடுகிறது. நாளடைவில், எதை எழுதுவது என்பதையும் அந்த எண்ணே முடிவு செய்யத் தொடங்குகிறது. எண் வளர்கிறது, எழுத்து தேய்கிறது! இது தகுமா? வாதத்தைவிட வரலாறு இதற்குத் தெளிவாக விடை சொல்லும். 1835ஆம் ஆண்டின் அமெரிக்காவைப் பார்ப்போம்.

நியூயார்க் நகரில் 'சன்' என்றொரு நாளேடு. 1833 செப்டம்பர் 3ஆம் நாள் பெஞ்சமின் டே என்ற அச்சகத்தார் தொடங்கியது. மற்ற ஏடுகள் ஆறு சென்ட் கேட்டபோது, அவர் ஒரே சென்டுக்கு விற்றார். ஏழைத் தொழிலாளியின் கைக்கும் நாளேடு எட்டியது. அந்த அருஞ்செயலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூட்டத்தைச் சேர்த்த கை, அதைப் பெருக்க எதைத் தூவிற்று?

1835 ஆகஸ்ட் 25 முதல் ஆறு கட்டுரைகள் வந்தன. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானத்தை ஆய்ந்துகொண்டிருந்த அறிஞர் ஜான் ஹெர்ஷல், நிலவில் உயிர்களைக் கண்டாராம்! வௌவால் சிறகு முளைத்த மனிதர்கள் அங்கே பறந்தார்களாம்! எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். கண்டதாகச் சொல்லப்பட்ட ஹெர்ஷலோ ஏதும் அறியார்! மக்கள் மொய்த்தனர். 19,360 படிகள் விற்கின்றன என்று ஏடு மார்தட்டிற்று. அறிவியலின் பெயரால் புராணம் விற்றாயிற்று!

இரண்டே மாதம் கடந்தது. அக்டோபர் 21ஆம் நாள், பாஸ்டன் நகரத் தெருவில் ஓர் இதழாசிரியரைக் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்றது ஒரு கூட்டம். காலிகள் கூட்டமா? இல்லை, செல்வர்களும் செல்வாக்குடையோரும் நிறைந்த கூட்டம்! உயிரைக் காக்க அவரைச் சிறையில் வைக்க வேண்டியதாயிற்று. அவர் செய்த குற்றம்? மனிதனை மனிதன் விற்பது கொடுமை என்று எழுதியதுதான்!

அவர்தான் வில்லியம் லாயிட் கேரிசன். 1831 சனவரி 1ஆம் நாள் அவர் தொடங்கிய கிழமை ஏட்டின் பெயர் 'லிபரேட்டர்'. விடுதலை செய்வோன் என்று பொருள். முதல் இதழ் வெளிவருமுன்பே, பிலடெல்பியாவில் கப்பற்பாய் தைக்கும் தொழிற்கூடம் நடத்திய கறுப்பினப் பெருமகன் ஜேம்ஸ் ஃபோர்ட்டன், 27 பேருக்கான சந்தாவாக 54 டாலர் அனுப்பினார். தொடக்கத்தில் ஏட்டைத் தாங்கியோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. முப்பத்தைந்து ஆண்டு நடந்த அந்த ஏட்டின் விற்பனை, மூவாயிரத்தைப் பெரிதும் தாண்டியதே இல்லை.

மூவாயிரம்! 'சன்' ஏட்டின் முன் அது மலைக்கு முன் மடு! ஆனால், வௌவால் மனிதர்களைக் கண்டு எந்த அடிமை முதலாளி அஞ்சினான்? கேரிசனைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருவோருக்கு 5,000 டாலர் தருவதாக, ஏடு பிறந்த அதே 1831இல் ஜார்ஜியா சட்டமன்றம் அறிவித்தது.

ஏன் இந்த நடுக்கம்? இதழாசிரியர்கள் தம் ஏடுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது அந்நாளைய வழக்கம். தென்மாநில ஏடுகள் கேரிசனின் எழுத்தை எடுத்துப் போட்டு ஏசின, ஏசியே பரப்பின!

இன்னொன்றும் உண்டு. 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி நியூ பெட்ஃபோர்டு வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். சந்தா கட்டவும் அப்போது கையில் காசில்லை, பின்னர் சந்தாதாரரானார். கணக்கேட்டில் கூடிய எண் ஒன்றே ஒன்று! அந்த ஒருவர்தான் ஃபிரெடரிக் டக்ளஸ். 1841இல் நான்டக்கெட் மேடையில் தம் அடிமை வாழ்வை எடுத்துரைத்தார். 1847இல் 'நார்த் ஸ்டார்' என்ற சொந்த ஏட்டையே தொடங்கினார். வாசகர் வளர்ந்து ஆசிரியரானார்! இந்த வளர்ச்சியை எந்தத் தராசு நிறுக்கும்?

"அப்படியானால் கூட்டமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், தோழர்களே! பத்துப் பேர் மட்டும் படித்துப் பாராட்டிக்கொள்வது சீர்திருத்தம் ஆகாது. கேரிசனும் ஊர் ஊராகச் சென்று பேசினார், சந்தா கேட்டார், பணமுடையில் வாடினார். வாசகரைத் தேடி நடந்தார். ஆனால் வாசகருக்காகக் கொள்கையை வளைக்கவில்லை. கூட்டத்தை நோக்கிக் கருத்தை எடுத்துச் செல்வது தொண்டு. கூட்டத்துக்காகக் கருத்தைக் கைவிடுவது வாணிபம்!

அடிமை முறையைக் கேரிசனின் எழுத்து மட்டுமே ஒழித்துவிடவில்லை. அடிமைகளின் எதிர்ப்பும், உள்நாட்டுப் போரும், எண்ணற்றோர் குருதியும் அதில் உண்டு. ஆனால் பேசவே அஞ்சிய நாளில் பேசியது அந்தச் சிற்றேடு.

1865 டிசம்பரில் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் நிறைவேறி, அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதே மாதம் 29ஆம் நாள், 1,820ஆம் இதழோடு கேரிசன் தம் ஏட்டை நிறுத்தினார். நட்டத்தால் அன்று, வந்த வேலை முடிந்ததால்! வளர்ச்சியே குறிக்கோளான ஏட்டின் அகராதியில் 'போதும்' என்ற சொல் கிடையாது. கொள்கைக்காகப் பிறந்த ஏட்டுக்கோ, நிறுத்துவதும் வெற்றியே!

எனவே, எழுதும் இளைஞனே, எண்ணிப்பார்! எத்தனை பேர் படித்தார் என்று மட்டுமல்ல; படித்தவருள் எவர் விழித்தார் என்று!