உலோகம் கண்டறியும் கைக்கருவி: திருகோணமலையில் அதன் பயனும் எல்லையும்

நிலத்துக்குள்ளோ உடைக்குள்ளோ மறைந்திருக்கும் உலோகத்தை மின்காந்தத் தூண்டலால் உணர்த்தும் சாதனம் இது. மெட்டல் டிடெக்டர் என்பது பொதுப் பெயர். புதையல் தோண்டிப் பிடிபடுவோர் பற்றிய செய்திகளில் ‘ஸ்கேனர்’ என்று வரும். திருகோணமலை மாவட்டத்தில் மிதிவெடி அகற்றுவோருக்கு இது உயிர்காக்கும் கருவி.

கருவியின் தட்டுக்குள் உள்ள கம்பிச்சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அப்புலம் பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதன் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக்கும். 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் இம்முறையைக் கையாண்டார். குண்டு அகப்படவில்லை, கட்டிலின் உலோகச் சுருள்கள் குழப்பியதும் அதற்கு ஒரு காரணம் என்பர். போலந்து இராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கருவி 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் கண்ணிவெடி தேடப் பயன்பட்டது.

ஆழந்தான் இதன் முதல் எல்லை. சிறிய பொருளின் தூரம் இரட்டித்தால் திரும்பும் சமிக்ஞை ஏறத்தாழ 64 மடங்கு நலியும். எனவே ஒரு நாணயம் 20, 25 சென்ரிமீற்றருக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கருவிக்கு எட்டுவது அரிது. பெரிய இரும்புத் துண்டு இன்னும் ஆழத்திலும் தெரியும். மண்ணும் ஏமாற்றும். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் அலை நனைத்த மணல் உப்பினால் மின்கடத்தியாகிவிடுவதால், உலோகமே இல்லாத இடத்திலும் கருவி கத்தும். புல்மோட்டைக் கரையில் இல்மனைட் செறிந்த கறுப்பு மணல் உண்டு. இத்தகைய இரும்புச்சத்து மண்ணில் கருவியை நிலத்துக்கேற்பச் சமன்செய்யாமல் தேடுவது வீண்.

போர்க்காலத்தில் இம்மாவட்டத்திலும் மிதிவெடிகள் புதைக்கப்பட்டன. மாக் போன்ற மனிதநேய அமைப்புகளும் இராணுவமும் அவற்றை அகற்றி வந்துள்ளன. இலங்கையில் புதைந்த பி-4, டைப் 72 போன்றவை பிளாஸ்டிக் உடல் கொண்டவை. அவற்றிலுள்ள உலோகம் மிகச் சொற்பம். விடுதலைப் புலிகளின் ஜொனி மிதிவெடிகளில் ஒரு வகைக்கு மரப்பெட்டியே உடல். கருவி தேடுவது வெடிமருந்தை அல்ல, அந்தச் சிறு உலோகத்தைத்தான். துருப்பிடித்த ஆணியும் ரவைக் கோதும் அதே ஒலியை எழுப்பும்.

ஆகவே பணியாளர் ஒவ்வொரு ஒலியையும் மிதிவெடியாகவே எடுத்துக்கொள்கிறார். வேலை தொடங்குமுன் மாதிரித் துண்டின்மேல் கருவியைச் சோதிக்கிறார். செடிகொடிகளை வெட்டி ஒதுக்கி, தட்டை நிலத்தோடு ஒட்டினாற்போல ஆட்டி, முன் வீச்சின்மேல் அடுத்த வீச்சுப் படும்படி நகர்கிறார். ஒலி கேட்ட இடத்தைக் குறித்து, சற்றுப் பின்னாலிருந்து பக்கவாட்டாக மண்ணைச் சுரண்டிக்கொண்டு அதை நெருங்குகிறார். அழுத்தத்துக்கு வெடிக்கும் பகுதி மேலே இருப்பதால் மேலிருந்து தொடுவதில்லை. கருவியை நம்ப முடியாத மண்ணில் வாராந்தடியால் நிலத்தையே வாரி எடுக்கும் முறையும் இலங்கையில் பரவலாக உண்டு. வெயிலில் முகக்கவசத்தோடு மண்டியிட்டு இதைச் செய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இந்த மாவட்டம் பெருங்கடன்பட்டிருக்கிறது.

கல், மரம், மட்பாண்டம் ஆகியவற்றுக்குக் கருவி குருடு. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களை 1956இல் சுவாமி மலையடிக் கடலில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் கண்ணால்தான் கண்டனர். அக்கோயிலுக்குரியவையாகக் கருதப்படும், 1950இல் கிணறு வெட்டியபோது கிடைத்த வெண்கலத் திருவுருவங்களைப் போன்றவற்றுக்கு மட்டுமே கருவி மறுமொழி தரும், அதுவும் ஆழம் இடங்கொடுத்தால். தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் என்பதும் மிகை. மெல்லிய தங்க நகையும் அலுமினியத் துண்டும் ஒத்த ஒலியே தரும். சோதனைச் சாவடிக் கைக்கருவியும் வெடிமருந்தையோ போதைப்பொருளையோ உணராது. அப்படி உணரும் என்று ஏடிஇ-651 என்ற போலிக் கருவியை விற்ற பிரித்தானியர் ஒருவர் 2013இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, உரிமம் இன்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். போர் நடந்த நிலத்தில் அது உயிராபத்தும் கூட. காட்டிலோ வயலிலோ சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, 119 என்ற இலக்கத்தில் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.