வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்வழி

ஸ்காட்லாந்தின் வடகரைக்கு அப்பால் உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே ஆகிய இரு தீவுகளை இணைக்கும் விமானத் தடம். கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான். இரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 2.7 கி.மீ.; எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமே கிட்டத்தட்ட இவ்வளவு வரும். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் இதை நடத்தி வருகிறது.

அட்டவணையில் இதற்கு ஒதுக்கப்படுவது 2 நிமிடம். கணக்குப் போட்டால் மணிக்கு 81 கி.மீ. வேகம்தான் வருகிறது, நெடுஞ்சாலையில் பேருந்தே அந்த வேகத்தில் போய்விடும். விமானத்தின் இயல்பான வேகம் இதைப்போல மூன்று மடங்கு. ஆனால் அந்த வேகத்தை எட்டுவதற்குள் இறங்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டியிருக்கிறது. தொலைவை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் வழக்கம் குறுந்தடங்களில் இப்படித்தான் பொய்த்துப்போகும்.

காற்றின் திசையும் கணக்கில் சேரும். பாப்பா வெஸ்ட்ரே இருப்பது கிழக்கே. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆகவே மேல்காற்று வீசும் நாளில் முதலில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பிறகு திரும்பி, தீவைத் தாண்டி மறுபடி வளைந்து இறங்க நேரிடும். காற்று இடம் கொடுத்தால் நேராகப் போய் இறங்கிவிடலாம். விமானி ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் 53 விநாடிகளில் கடந்ததே இத்தடத்தின் சாதனை நேரம்.

இத்தடத்தில் ஓடுவது பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் என்ற சிறிய விமானம். இறக்கை உடலுக்கு மேலே. சக்கரங்கள் உள்ளே மடங்காது. உந்துவிசிறி எஞ்சின்கள் இரண்டு. ஏறக்குறைய எட்டுப் பேர் அமரலாம். உள்ளே நடைபாதை கிடையாது, அவரவர் வரிசைக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறிக்கொள்ள வேண்டும். இடம் போதாவிட்டால் விமானிக்குப் பக்கத்து இருக்கையும் பயணிக்குத்தான். சரளைக் கல்லும் புல்லும் கொண்ட குட்டை ஓடுபாதைகளில் இறங்க இத்தகைய எளிய விமானமே தோது.

இவ்வளவு சிறிய நீரிணையைக் கடக்க விமானம் எதற்கு என்ற கேள்விக்கு விடை ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலில் இருக்கிறது. அங்கிருந்து பாப்பா வெஸ்ட்ரே ஏறத்தாழ 44 கி.மீ. வடக்கே உள்ளது. கிர்க்வாலிலிருந்து கிளம்பும் விமானம் ஒரு தீவில் இறங்கி, ஆளை ஏற்றி, அடுத்த தீவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. உலகப் புகழ் பெற்ற அந்த 2 நிமிடம், இந்தச் சுற்றில் இரு நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட துண்டு மட்டுமே. சாதனைக்காகத் தொடங்கிய சேவை என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி வெஸ்ட்ரேயில் 588 பேர், பாப்பா வெஸ்ட்ரேயில் 90 பேர். ஆசிரியர், மருத்துவர் போன்றோர் வந்துபோக இச்சேவை அவசியம். அரசு மானியம் இல்லாமல் இது ஓடாது.

சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். பறந்ததற்குச் சான்றிதழ் தரப்படுகிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் கி.மு. 3700 அளவிலேயே மக்கள் குடியிருந்த நேப் ஆஃப் ஹவர் என்ற கற்கால வீடுகள் உள்ளன. வடமேற்கு ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கல்வீடுகளுள் அவை சேரும். விமானம் வேண்டாம் என்போருக்கு வெஸ்ட்ரேயின் பியரோவால் ஊரிலிருந்து பயணிகள் படகு உண்டு. அதில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.