ஒரு வெட்டு, பல வேடம்: கூத்துப் பெட்டியிலிருந்து ஆம்பூர் ஷூ வரை

துரியோதனனும் கர்ணனும் இரணியனும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ள முடியுமா? புராணத்தில் முடியாது. ஆனால் வேலூர், ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்தில் தாராளமாக முடியும். இன்று ராத்திரி துரியோதனனுக்குப் போட்ட சட்டை நாளை ராத்திரி இரணியனுக்கு ஆகும். பார்க்க வந்த ஜனங்களில் ஒருவர்கூட "இது நேற்று போட்ட சட்டைதானே?" என்று கேட்க மாட்டார். ஏன் கேட்பதில்லை என்பதில்தான் உடை தைக்கும் கலையின் பெரிய ரகசியம் இருக்கிறது.

கூத்துக்காரரின் கணக்கு

பழைய வட ஆற்காடு மாவட்டம் (1989ல் வேலூர், திருவண்ணாமலை என இரண்டாகி, 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன) கூத்துக்குப் பேர்போன மண். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பமே உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து என்று நாள் கணக்கில் நடக்கும். ஒவ்வோர் இரவும் ஒரு கதை, ஒவ்வொரு கதையிலும் பல பாத்திரங்கள். அத்தனைக்கும் தனித்தனியே உடை தைத்தால் எந்த ஜமாவுக்கும் கட்டுப்படியாகாது. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. உடலில் போடும் துணி எல்லா ராஜ வேடங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: முழுக்கைச் சட்டை, உள்ளே கால்சட்டை, மேலே முழங்கால் வரை விரிந்து நிற்கும் பாவாடை போன்ற உடுப்பு. பாத்திரத்தைக் காட்டுவது அதன்மேல் கட்டும் சாமான்கள். கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியவை. இந்த மரச் சாமானால்தான் "கட்டை வேடம்" என்ற பேரே வந்தது. கிரீடத்தை மாற்று, முகத்துச் சாயத்தை மாற்று, ஆள் மாறிவிட்டார்!

அடித்தளம் ஒன்று, மாறுவது மேலே கட்டும் துண்டுகள். சட்டைக்கு ஹூக் வைத்து அளவை இறுக்காமல் நாடா வைத்துக் கட்டினால் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் அதே உடுப்பு ஆகும்.

அளவு ஜாக்கெட்டும் காகித வெட்டும்

தமிழ்நாட்டில் தையல் புதிதாக வந்த தொழில் அல்ல. சிலப்பதிகாரம் இந்திர விழாவின்போது புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் துணி தைக்கும் துன்னகாரரும் தோல் தைப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். ஆம்பூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது!

ஆனால் நம் ஊர் டெய்லர் காகிதத்தில் வரைந்து வைத்து வெட்டும் வழக்கம் குறைவு. டேப்பால் அளவெடுத்து, சாக்பீஸால் நேரே துணியிலேயே கோடு போட்டு வெட்டிவிடுவார். பெண்கள் தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஒரு "அளவு ஜாக்கெட்" கொடுப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பழைய ஜாக்கெட்தான் நம் ஊர் பேட்டர்ன்.

மேல்நாட்டில் நடந்தது வேறு கதை. ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851ல். (இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே 1924ல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்.) வீட்டுக்கு வீடு மெஷின் வந்தபோது தைக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள், வெட்டத் தெரிந்தவர்கள் பெருகவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர் எபினேசர் பட்டரிக் என்ற அமெரிக்க டெய்லர். அதற்கு முன் கிடைத்த காகித வெட்டுகள் ஒரே ஒரு அளவில்தான் வந்தன. வாங்கியவரே தன் உடம்புக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்க வேண்டும். பட்டரிக் 1863ல் மெல்லிய காகிதத்தில், சைஸ் வாரியாக வெட்டுகளை விற்க ஆரம்பித்தார். ஆரம்ப காலத்தில் நன்றாக விற்றவற்றில் ஒன்று இத்தாலிய வீரர் கரிபால்டியின் சீருடை போன்ற சிறுவர் உடை. அதுவும் ஒரு வேடம்தானே! 1892ல் அவருடைய நிறுவனம் மாறுவேட விழா உடைகளுக்கென்றே தனி நூலும் வெளியிட்டது.

இங்கே பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1894ல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் ராமனும் லட்சுமியும் எப்படி உடுத்துவார்கள் என்பதை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தது. டெய்லருக்குக் காகித வெட்டு கிடைக்காவிட்டாலும், பார்த்துத் தைக்கப் படம் கிடைத்துவிட்டது.

தோலில் தப்பு செய்ய முடியாது

இப்போது ஆம்பூருக்கு வருவோம். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான், மூடாது. அதனால் ஷூ தொழிலில் தைப்பதற்கு முன்னால் வெட்டு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

அங்கே எல்லாம் "லாஸ்ட்" என்ற கால் வடிவ அச்சிலிருந்து தொடங்குகிறது. அச்சின் மேல் டேப் ஒட்டி, அதில் ஷூவின் கோடுகளை வரைந்து, உரித்தெடுத்து அட்டையில் சமமாக ஒட்டுவார்கள். மடிக்க, இழுத்து ஒட்ட ஓரம் விட்டு ஒவ்வொரு துண்டையும் தனி அட்டையாக வெட்டுவார்கள். பிறகு சைஸ் வாரியாகப் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் இரும்பு டை செய்வார்கள்.

பொதுவான பேட்டர்னின் அருமை இங்கேதான் ரூபாயில் தெரியும். உதாரணத்துக்கு ஒரு ஷூவின் அப்பருக்கு 6 துண்டுகள், 39 முதல் 44 வரை 6 சைஸ் என்றால், 36 டை வேண்டும். அடுத்த மாடலை முழுக்கப் புதிதாக வரைந்தால் மறுபடி 36. அதே அடித்தளத்தை வைத்துக்கொண்டு முன்பக்கத் துண்டையும் வாரையும் மட்டும் மாற்றினால் புதிதாக 12 போதும். துரியோதனன் சட்டையில் இரணியன் ஆடிய அதே கணக்கு!

வெட்டு யார் கையில்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கூத்துக்காரரின் வெட்டு அவருடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதி நெடுங்காலம் பாதி பதனிட்ட தோலைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1972ல் சீதாராமையா குழு பரிந்துரைத்த பிறகு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. தோல் ஷாப்புகளின் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் வந்தன. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அப்பர் தைக்கும் வேலைக்குப் போனார்கள். தோல், அப்பர், முழு ஷூ என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் ஊரில் தங்கும் பணம் கூடியது.

எஞ்சியிருப்பது கடைசிப் படி. வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கும்போது டிசைனும் பெயரும் வாங்குபவருடையவை. தைத்தவருக்குக் கூலி, வரைந்தவருக்கு லாபம் என்பது 1863லேயே பட்டரிக் நிரூபித்த பாடம். பேட்டர்ன் வரையக் கற்ற இளைஞர்களும் சொந்த பிராண்டுகளும் எத்தனை பெருகுகிறதோ, அத்தனை தூரம் இந்தப் படியும் ஏறப்படும்.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடக உடை தைக்க நினைப்பவர்களுக்கும் இந்த வரலாறு உதவும். நீளமான அங்கி ஒன்று, கால்சட்டை ஒன்று, பாவாடை ஒன்று என்று மூன்றே மூன்று வெட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஹூக்குக்குப் பதில் நாடா வையுங்கள். தையலுக்குள் ஓர் அங்குலம் துணியை விட்டுப் பிடியுங்கள், அடுத்த வருடம் உயரமான பையனுக்கும் ஆகும். அங்கியில் இடுப்புப் பட்டை கட்டினால் கட்டபொம்மன், தோளில் சால்வை போட்டால் மந்திரி, தலையில் கிரீடம் வைத்தால் கர்ணன். வாடகை உடைக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையும் மேடை ஏறும்.

வேடம் ஒரு ராத்திரிதான், வெட்டு பல வருடத்துக்கு. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். முடிந்தால் நாமே வரைவோம்!